பஞ்சு துப்பிய பெட்டி

என் வீட்டுக்காரருக்குக் காது மந்தமாகி வருகிறது என்பது முதலில் எனக்குத்தான் தெரிந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே குரல் எழும்பாது. ஐந்தாவது படிக்கும்போது வாத்தியார் பாடம் ஒப்பிக்கச் சொன்னால் என் வாய் அசையும், சத்தம் உட்கார்ந்த பலகையைத் தாண்டாது. அதோடு பள்ளிக்கூடமும் நின்றது. கல்யாணமான புதிதில் நான் ஏதாவது சொன்னால் அவர் என் பக்கம் குனிந்து, "இன்னாமே, மறுபடி சொல்லு" என்பார். அப்படிக் குனிவதற்காகவே சில சமயம் இன்னும் மெதுவாகச் சொல்வேன்.

பிறகு குனிவது நின்றுபோனது. கேட்டதற்குப் பதில் வராது. என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு நானும் பேச்சைக் குறைத்தேன். ஒரு நாள் காலையில் அவர் வாசலில் உட்கார்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பித்தளைக் குடம் என் கையிலிருந்து நழுவித் துவைக்கிற கல்லில் மோதியது. கோழிகள் சிதறி ஓடின. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவர் திரும்பவே இல்லை. கண்ணாடியில் கன்னத்தைப் பார்த்தபடி இருந்தார்.

அவர் ஜீப் ஓட்டினார். சந்தவாசலில் ஆள் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்கு மேலே போய், சாமை மூட்டையும் புளியும் ஆட்களுமாகத் திரும்பி இறக்குவார். வண்டி அவருடையது இல்லை, படவேட்டு முதலாளி ஒருவருடையது. மலை ரோட்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் ஓரம் கட்ட வேண்டும். காது போன டிரைவருக்கு எந்த முதலாளி சாவியைக் கொடுப்பார்?

அன்று சோறு போடும்போது, காது கேட்கவில்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவர் சட்டென்று வாசலைப் பார்த்தார்.

"வெளிய மூச்சு வுடாத. நான் கண்ணால ஓட்டறவன். எதிர்ல வண்டி வந்தா புழுதி தெரியும், மரத்து மேல வெளிச்சம் தெரியும்."

"புழுதி தெரியறதுக்குள்ள வண்டி வந்துட்டா?"

இது அவருக்குக் கேட்கவில்லை. நானும் மறுபடி சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது பாட்டு இல்லாத ஜீப்பில் சனம் ஏறாது. முதலாளி எங்கள் வண்டியிலும் ஒரு டேப்பு செட்டு வைத்து, முன் சீட்டு இரண்டுக்கும் நடுவில் பலகையால் செய்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார். எல்லாப் பக்கமும் பசை போட்டு மூடிய பெட்டி. சோற்றுத் தட்டு அளவுக்கு ஸ்பீக்கர், அதற்குப் பின்னால் உள்ளே நிறைய இலவம் பஞ்சு. ஏறியவர்களெல்லாம் நன்றாகப் பாடுகிறது என்றார்கள். இவர் மட்டும், "பாட்டு செத்துப் போச்சு, பொட்டி சரியில்ல" என்று தினமும் புலம்பினார்.

கடைசியில் ரேடியோ ரிப்பேர்க்காரரை வீட்டுக்கே கூட்டிவந்தார். அந்தத் தம்பி பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானேண்ணா பாடுது" என்றார்.

"உனுக்குக் காது கேக்குதா இல்லியா?" என்று இவர் எகிறினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றுவிட்டது.

"சரி, வுடுங்க. இது மூடின பொட்டிண்ணா. ஸ்பீக்கரு முன்னாடியும் அடிக்கும், பின்னாடியும் அடிக்கும். பின்னாடி அடிக்கறது உள்ளயே அடங்கிப்போவுது. ஒரு ஓட்ட போட்டு, பைப்பு சொருகிட்டா அதுவும் வெளிய வரும். டும்முனு இருக்கும். ஆனா அறுத்தப்புறம் வேணாம்னு சொல்லக் கூடாது."

"அறுடா" என்றார் இவர்.

எங்கள் வாசலிலேயே வேலை நடந்தது. பெட்டி ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பலகையில் டம்ளரைக் கவிழ்த்துக் கோடு போட்டு, கோட்டின்மேல் துளை போட்டு, மெல்லிய ரம்பத்தை உள்ளே விட்டு வட்டமாக அறுத்தார் தம்பி. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் பைப்பில் ஒரு துண்டைச் சொருகினார். முதலில் வைத்த துண்டு நீளம் அதிகம், பாட்டு அண்டாவுக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, பாட்டைப் போட்டு, மறுபடி அறுத்தார். "உள்ள இருக்கற பஞ்சு?" என்று கேட்டேன். அவருக்கும் என் குரல் எட்டவில்லை போலிருக்கிறது. சந்தில் மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசி முடித்தார்.

பிறகு பாட்டு ஓடும்போதே தம்பி பீடிப் புகையைப் பைப்பின் வாயில் ஊதினார். புகை உள்ளே போய்ப் போய் வெளியே வந்தது, பெட்டி மூச்சு விடுவதுபோல. இவர் உள்ளங்கையை அங்கே வைத்தார். முகம் மாறியது. எத்தனையோ மாதமாக நான் பார்க்காத முகம்.

"பேசுதுமே" என்றார் என்னைப் பார்த்து. "கையில பேசுது."

ஏன் சொல்கிறார் என்று அந்தத் தம்பிக்குத் தெரியாது. நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

பெட்டியை மறுபடி வண்டியில் வைக்கும்போது பைப்பின் வாய் தன் இடது கால் பக்கம் இருக்கிறமாதிரி வைத்துக்கொண்டார். அடி ஒவ்வொன்றும் கெண்டைக்காலில் வந்து மோதும். மறுநாள் முதல் நடையிலேயே பெட்டி பஞ்சு துப்பியது. டும் என்றால் ஒரு கொத்து, டும் என்றால் இன்னொரு கொத்து. காற்றில் பறந்து பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தலையிலெல்லாம் ஒட்டிக்கொண்டதாம். அன்று வந்த பொம்பளைகள் பிறகு என் வீட்டு வழியாகப் போகும்போது சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"உன் வூட்டுக்காரரு வண்டியில ஏறுனா ஒரே நடையில கெழவி ஆய்டறோம்."

"மாமா தலவாணி யாவாரம் ஆரம்பிச்சிட்டாருடி."

சாயங்காலம் ஸ்பீக்கரைக் கழற்றி மிச்சப் பஞ்சை அள்ளி என் மடியில் போட்டார். நான் அதைப் பழைய புடவைத் துண்டில் திணித்துக் கைக்கு அடங்குகிற மாதிரி ஒரு சின்ன தலையணை தைத்தேன். வண்டி சீட்டில் முதுகு வலிக்கிறது என்பாரே, அதற்காக.

பஞ்சு போனதும் பெட்டி இன்னும் முழங்கியது. அவர் சந்தோஷமாக இருந்தார், எனக்குத்தான் பயம். அதற்கு முன்பு அவருக்கு ஹாரன் கேட்காவிட்டாலும் பின்னால் உட்கார்ந்தவர்களுக்காவது கேட்கும், ஒருவர் இல்லாவிட்டால் ஒருவர் அவர் தோளைத் தட்டுவார்கள். இப்போது வண்டி முழுக்கவே செவிடாகிவிட்டது.

புளி வாங்க வருகிறேன் என்று சொல்லி, ஒரு சந்தை நாளில் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். சீட்டில் கிடந்த அந்தத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். போகும்போது ஒன்றும் இல்லை. இறங்கும்போது பின்னால் நெருக்கிக்கொண்டு மலைக்காரர்கள், கூடையில் கோழி வைத்திருந்த ஒரு வயதான அம்மா, காலடியில் மூட்டைகள். பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு வளைவு வருவதற்கு முன்னால், வெளிப்பக்கம் இருந்த என் காதில் ஹாரன் விழுந்தது. நீளமான ஹாரன், பஸ்ஸுடையது. மேலே ஏறி வருகிறது. அவரைப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டு, காலால் தாளம் போட்டபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க!" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. வண்டி ஓட்டும்போது கையைத் தொடாதே, ஸ்டியரிங் திரும்பிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார். மடியிலிருந்த தலையணையை எடுத்துக் குனிந்து பைப்பின் வாயில் அழுத்தித் திணித்தேன்.

அவர் காலில் அடித்துக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னாமே?"

நில்லுங்கள் என்று கையைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்ததுமே பிரேக்கை மிதித்துப் பாறையோரம் ஒட்டி நிறுத்தினார். வளைவிலிருந்து பஸ் வந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உரசாமல் போனது. கூடையிலிருந்த கோழி மட்டும் கத்தியது.

அவர் டேப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி அவர்கள் வாயைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர், "ஹாரன் அடிச்சானேண்ணா, கேக்கலியா?" என்றார். இன்னொருவர், "இந்தப் பாட்டுல யாருக்குய்யா கேக்கும்" என்றார். இவர் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அன்றைக்கு அதோடு போயிருக்கும்.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "பாட்டு மேல பழி போடாதீங்க. எனுக்குத்தான் கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கல."

திட்டுவார்கள், இறங்கி நடப்பார்கள் என்று நினைத்தேன். கோழிக் கூடை அம்மா முன்னால் சாய்ந்து அவர் தோளைத் தட்டினார். காதுக்கருகில் வாயைக் கொண்டுபோய்ப் பெரிய குரலில், "அதுக்கு இன்னாப்பா இப்போ. மெல்லமா எறக்கு. நாங்க பாத்து சொல்றோம்" என்றார்.

அப்படித்தான் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து மொத்த சனமும், "ஒண்ணும் இல்ல, போ!" என்று கத்தியது. ஒருவர், "எங்க மாமியார் வர்றாங்க, நிறுத்து நிறுத்து!" என்று கத்த, அந்த நிலையிலும் சிரிப்பில் வண்டியே குலுங்கியது. அவருக்கு அது கேட்டதோ இல்லையோ, சிரித்தார். பைப்பின் வாயில் தலையணை அப்படியே இருந்தது.

படவேட்டுக்கு வந்ததும் நேராக முதலாளி வீட்டுக்குப் போனார். நான் வெளியே நின்றேன். முதலாளி, "நீயே வந்து சொன்னியே" என்று மட்டும் சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டாராம். ஓட்டை போட்ட பெட்டி தனக்கு வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்றாராம். அதைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வண்டி இல்லாமல் அவர் நடக்கிற நடை எனக்குப் புதிதாக இருந்தது.

சில வாரம் வீட்டிலேயே சுருண்டு கிடந்தார். பிறகு வெல்லம் காய்ச்சுகிற கரும்பாலையில் வேலை கிடைத்தது. அங்கே இயந்திரம் ஓடுகிற சத்தத்தில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள், கையைக் காட்டித்தான் கூப்பிடுவார்கள். அவர் காதைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை.

முதல் நாள் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். பாகு காய்கிற கொப்பரைக்கு அந்தப் பக்கம், ஆவிக்குள் நின்றிருந்தார். பக்கத்தில் போக முடியாது, கொதிக்கிறது. வேறு வழியில்லை. மூச்சைப் பிடித்து, "ஏங்க!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. ஆலையிலிருந்த ஆட்களெல்லாம் திரும்பினார்கள். அவரும் திரும்பினார். சுற்றி வந்து, என் பக்கம் காதைச் சாய்த்துக் குனிந்தார்.

"இன்னாமே, மறுபடி சொல்லு."

குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்பதுதான் சேதி. அது ஆலை முழுக்கக் கேட்டது.