உளுந்துக் குவியல் மேல் என் பதினொரு வருஷம்

என்னுடைய பதினொரு வருஷ வேலை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு இல்லாமல் போனது. யாரும் திருடவில்லை. கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. என் கையாலேயே நான்தான் அழித்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நம் தெருக் காளியம்மன் கோவில் விளக்குப் பூஜைக்கு வரும் அக்காமாருக்கு என்னைத் தெரியும். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபிளக்ஸ் கடையில் டிசைன் போட்டுக்கொண்டிருந்த மகேஸ்வரி நான்தான். கொடைவிழா மலரில் என் அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம் கடை முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். மெஷினை விற்க முன்பணம் வாங்கியாயிற்று, மாசியோடு கடையை மூடப்போகிறேன், மகன் வீட்டுக்குச் சென்னை போகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டினவர். கால் முறிந்து, கம்பி வைத்து, ஆறு மாதமாகக் கட்டிலில் இருந்தார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கடை போனால் அடுத்த மாதம் என்ன செய்வது என்று எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

அந்த நேரத்தில்தான் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் கிராபிக் டிசைனர் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பிள்ளைகள் சட்டையில் போடும் படம், லேபிள், பெட்டி எல்லாம் வரைய வேண்டும். படிப்பு அவ்வளவு முக்கியமில்லை, வேலை தெரிந்தால் போதும் என்று போட்டிருந்தார்கள். எனக்கென்றே போட்ட மாதிரி இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. சொந்தமாகச் செய்து அச்சாகி வெளியே வந்த வேலைகள் பதினைந்தை, மாசி இரண்டாம் வெள்ளி சாயங்காலம் ஐந்து மணிக்குள் நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். பழகுவதற்காகச் செய்தவை ஆகாது.

பதினைந்து என்ன, ஐயாயிரம் காட்டலாம் என்று நினைத்தேன். அவ்வளவு தெனாவட்டு. கடைசி வாரம் வரைக்கும் கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை திறந்தேன். கல்யாணம் என்ற ஃபோல்டரில் மூன்றே மூன்று ஃபைல். காதுகுத்துக்கு ஒன்று. கண்ணீர் அஞ்சலிக்கு இரண்டு. கோவில் கொடைக்கு ஒன்று. மொத்தமே ஏழு. எல்லாம் அந்த வாரம் அடித்தவை.

ஃபிளக்ஸ் கடை வேலை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாப்பிள்ளைக்குப் போட்ட டிசைனைத் திறப்போம். முகத்தை மாற்றுவோம், பேரை மாற்றுவோம், பின்னால் இருக்கிற பூவையும் நிறத்தையும் மாற்றுவோம், அதே ஃபைல் மேலேயே சேவ் அடிப்போம். ஆள் காத்துக்கொண்டிருப்பார், மெஷின் காத்துக்கொண்டிருக்கும். தனியாக வைக்கலாமா என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணாச்சியிடம் கேட்டிருக்கிறேன். "பழசை வச்சு என்ன ஊறுகாயா போடப் போறோம்? மேலயே அடி தாயி" என்றார். அடித்தேன். பதினொரு வருஷம் மேலேயே அடித்தேன். ஒவ்வொரு வீட்டு விசேஷத்தையும் அடுத்த வீட்டு விசேஷத்துக்காக அழித்திருக்கிறேன். கடை போனில் அனுப்பிய படங்களையும் இடம் இல்லை என்று அண்ணாச்சி வாராவாரம் அழித்துவிடுவார். என் போனில் என் மகள் படம்தான் இருந்தது.

புதனும் வியாழனும் பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டேன். பாதிப் பேர் நம்பர் மாறியிருந்தது. எடுத்தவர்கள், "அந்த ஃபிளக்ஸா? அது எங்கனயோ கெடக்கும்மா" என்றார்கள். கம்ப்யூட்டரில் இருந்த அந்த ஏழிலும் அஞ்சு, கடையில் என்னோடு வேலை பார்த்த இன்னொரு பையன் செய்தது. அதையும் என்னுடையது என்று பொய் சொல்ல மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நம் அம்மன் முன்னால் போய் நின்றேன். கும்பிட்டேன் என்று சொன்னால் அது பொய். சண்டை போட்டேன். "வேலை தா என்றுகூட நான் கேட்கவில்லை. பதினொரு வருஷம் நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதையாவது என் கண்ணில் காட்டு. ஒன்றையாவது காட்டு" என்று சத்தம் போட்டேன். பூசாரி எட்டிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

பிறகு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். ஒரு வாரம் தவணை கேட்டுப் பார்ப்போம், கிடைக்காவிட்டால் திரும்பி வருவோம் என்ற எண்ணம்தான். எட்டயபுரம் தாண்டியதும் வானம் கறுத்தது. மாசியில் மழையா என்று பஸ்ஸில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எங்கள் கடைக்கு ஆள் வருகிற ஊர்களில் ஒன்றான எப்போதும்வென்றானுக்குக் கொஞ்சம் முன்னால், பாதி ரோட்டை அடைத்து உளுந்து காயப் போட்டிருந்தார்கள். பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்ததுமே பொம்பளைகளும் ஆம்பிளைகளும் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடினார்கள். டிரைவர் பிரேக் போட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ரோட்டோரம் முழுக்க நான் கிடந்தேன்.

அப்படித்தான் எனக்குத் தோன்றியது. உளுந்தைக் குவித்து, அதன் மேல் பழைய ஃபிளக்ஸை விரித்துக்கொண்டிருந்தார்கள். மை பயறில் ஒட்டிவிடக் கூடாது என்று படத்தை மேலே போட்டு, வெள்ளைப் பக்கத்தை உள்ளே போட்டிருந்தார்கள். ஒரு குவியல் மேல் நான் போட்ட கல்யாண ஜோடி. அடுத்ததில் கபடிப் போட்டி. அதற்கடுத்தது காதணி விழா, மயில் மேல் உட்கார்ந்த குழந்தை. அந்த மயிலை வரைய நான் ஒரு நாள் முழுக்கக் கஷ்டப்பட்டேன். சந்தேகப்பட வழியில்லை. நான் செய்கிற எல்லாவற்றிலும் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வேப்பிலை வைப்பேன். அம்மனை நினைத்து வைப்பது, அண்ணாச்சிக்குக்கூடத் தெரியாது. மழையில் ஒவ்வொரு குவியலிலும் அந்த இலை எனக்குத் தெரிந்தது.

"எறங்கணும், எறங்கணும்" என்று கத்தினேன். கண்டக்டர் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பார். இறங்கினேன், போனை எடுத்தேன், படம் எடுக்க ஆரம்பித்தேன்.

"ஏட்டி! ஊரே நனையுது, நீ போட்டோவா புடிக்க? அந்த முனையைப் பிடிட்டி!"

ஐம்பது வயசிருக்கும் ஒரு அக்கா. பேர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது. காற்று ஃபிளக்ஸைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. அவள் ஒரு முனையில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அவர்கள் ஒரு வருஷப் பாடு நனைகிறது, நான் அதற்கு நடுவில் சந்தோஷப்பட்டுக்கொண்டு நிற்கிறேன். போனை இடுப்பில் செருகிவிட்டு ஓடிப்போய் முனையைப் பிடித்தேன். அந்தப் பக்கம் நான் வந்த பஸ் கிளம்பிப் போய்விட்டது.

முக்கால் மணி நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மண் களியாகிக் காலை இழுத்தது. அப்புறம்தான் நான் பிடித்திருந்த ஃபிளக்ஸில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி. ஒரு மீசைக்கார மனிதர், நல்ல சிரித்த முகம்.

"ஏட்டி, மொகத்துல முட்டியை ஊனாத. எங்க வீட்டுக்காரவுக" என்றாள் பேச்சியம்மாள்.

நான் வெடுக்கென்று முழங்காலை எடுத்தேன். அந்த மனிதரை எனக்குத் தெரியும். அஞ்சு வருஷத்துக்கு முன்னால், நகம் அளவு ஒரு போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரிதாக்கினால் முகம் மணல் மணலாக உடைந்தது. வேறு படமே இல்லை என்றார்கள். ஒரு பகலும் மறுநாள் மத்தியானமும் உட்கார்ந்து கண்ணையும் மீசையையும் நானே திரும்ப வரைந்தேன். அடுத்த வாரமே அவர் மேல் வேறொருவரை வைத்து சேவ் அடித்தும் விட்டேன்.

"அக்கா, இதைப் போய் உளுந்து மேல..." என்று இழுத்தேன்.

"ஏன்? அவிய இருக்கைலயும் காட்டைத்தான் காவல் காத்தாவ. இப்பமும் காத்துக்கிட்டுத்தான் இருக்காவ. வீட்டுக்குள்ள சுருட்டி வச்சா எலி திங்கும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவிய மொகம் பெருசா இருக்கது இது ஒண்ணுதான்" என்றாள்.

நான்தான் இதை வரைந்தேன் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. மூலையில் இருந்த வேப்பிலையைக் காட்டினேன், என் கதையைச் சொன்னேன். அழுகையோடு சொன்னேனா, எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. மழை விட்டதும் அவள் எழுந்து நின்று கூப்பாடு போட்டாள். "ஏலே, இந்தப் புள்ளைக்குப் படம் வேணுமாம்! எவன் வீட்டுப் படப்புல ஃபிளக்ஸ் கெடக்கோ காட்டுங்க!" வைக்கோல் படப்பு மேல், ஆட்டுக் கொட்டகைக் கூரையில், குளிக்கிற மறைப்பில் என்று காட்டினார்கள். பதினேழு கிடைத்தது. பதினேழிலும் வேப்பிலை இருந்தது.

ஆனால் ஒன்றையும் மறைக்க மாட்டேன். பேச்சியம்மாள் குவியலில் கீழ்ப்பக்கம் தண்ணீர் ஏறி, ஒரு மூடை உளுந்துக்குமேல் வீணாகப்போனது. என் வேண்டுதலுக்குப் பதிலாக வந்த மழைதான் அதைக் கெடுத்ததா? அம்மனிடம் அதைக் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

அவள் கொழுந்தன் என்னை மோட்டார் சைக்கிளில் புதியம்புத்தூரில் கொண்டுபோய் விட்டார். மணி ஐந்தாக இன்னும் கால் மணி நேரம் இருந்தது. முழங்கால் வரை கரிசல் மண்ணோடு ஆபீசுக்குள் போனேன். டிசைன் பிரிவுக்கு ஒரு அம்மா பொறுப்பாக இருந்தார். மற்றவர்கள் கனமான காகிதத்தில் அச்சடித்து, பைண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஈரப் போனை நீட்டினேன்.

முதல் படத்தைப் பார்த்ததுமே, "இதோட ஃபைல் எங்கம்மா?" என்றார்.

"இல்ல மேடம். எல்லாத்தையும் நானே அழிச்சிட்டேன்" என்று உண்மையைச் சொன்னேன்.

ஒவ்வொன்றாகத் தள்ளினார். கல்யாண மாப்பிள்ளை கழுத்தில் வேறொரு படத்துக் கோட்-சூட்டை வெட்டி ஒட்டின தடம் தெரிகிறது என்றார். கபடிப் படத்தில் எழுத்து அதிகம் என்றார். என் மனசு விட்டுப்போயிற்று. மீசைக்காரரிடம் வந்ததும் விரலை எடுத்துவிட்டார். பெரிதாக்கிப் பார்த்தார். இது எத்தனை வருஷம் வெயிலில் கிடந்தது, இதன் மூலப் படம் எவ்வளவு பெரிது, கண்ணை எப்படி வரைந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். நான் நகத்தைக் காட்டினேன், இவ்வளவுதான் இருந்தது என்று. அந்த அம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கோங்க" என்றார்.

நான் "சரி மேடம், அடுத்த வாரம் ஃபைலோட வாரேன்" என்றேன். அவர் சொன்னது எனக்கு ஏறவே இல்லை. அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்ன பிறகுதான் வேலை கிடைத்துவிட்டது என்று புரிந்தது.

சேர்ந்த முதல் வாரத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அந்த மனிதரைத் திரும்ப வரைந்தேன். இந்த முறை அவர் பேரிலேயே தனி ஃபைல். சட்டம் போட்டு பேச்சியம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் படத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "இது சின்னதா இருக்கே, உளுந்தை மூடாதே" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் அழுதோம்.

அக்காமாரே, நான் முன்னைவிடப் பெரிய பக்தை ஆகிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. இப்போதும் சுருக்கென்று கோபம் வருகிறது. ஆனால் கோவிலில் என் காரியத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வருகிற பழக்கம் போய்விட்டது. காடு கரையில் காய்கிற உளுந்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் விபூதி எடுக்கிறேன். உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். அவளிடம் போய்க் கேளுங்கள், அழுதோ சண்டை போட்டோ கேளுங்கள், அவள் கைவிட மாட்டாள். அவள் தருகிற நேரத்தில் பக்கத்தில் யாராவது ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டால், கையில் இருப்பதை வைத்துவிட்டு முதலில் அங்கே ஓடுங்கள். அன்றைக்கு நான் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு போயிருந்தால், அந்த முகத்தைப் பார்க்காமலேயே போயிருப்பேன்.