ஒரு பக்கம் மட்டும் சூடு பட்ட இறக்கை

பெரம்பலூரில் மிக்சி, கிரைண்டர் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. சின்ன விமானம் செய்து பறக்கவிடுவது என் பைத்தியம். சொல்லித்தர ஆளில்லை; செல்போனில் பார்த்து, ஏழெட்டு இறக்கைகளைக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். கூட்டாளி ஒருவர் உண்டு, லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் இறக்கைக்குப் போர்த்துகிற துணியைச் சுருளாகக் கொண்டுவருவார். அடியில் பசை தடவிய துணி. இஸ்திரிப்பெட்டியின் லேசான சூட்டில் விளிம்பு ஒட்டும். சூட்டைக் கூட்டினால் சுருங்கி, தவில் தோல் மாதிரி விறைக்கும்.

எங்களோடு சேர ஆசைப்பட்டவர், தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர். பெட்டி காயவில்லை என்றால், "இன்னும் தூங்குதுண்ணே, முழிக்கட்டும்" என்பார். அந்தப் பேச்சைக் கேட்கவே கசங்காத சட்டையையும் எடுத்துக்கொண்டு போவேன். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆனால் அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை நீ என்பேன். பழக்கம் அப்படி என்று சொல்லலாம்தான். சொல்ல வாய் வரவில்லை.

சட்டை கொடுக்க வரும்போதெல்லாம் என் பட்டறையில் நின்று பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டார். நாலு மாதம் உட்கார்ந்து, பால்சா என்கிற எடையில்லாத மரத்தில் ஓர் இறக்கைக் கூடு செய்து கொண்டுவந்தார். சட்டத்துக்குச் சட்டம் ஒரே அளவு. நான் செய்ததில் ஒன்றுகூட அவ்வளவு சுத்தம் இல்லை. அதைக் கூட்டாளி என் முகத்துக்கு நேராகவே சொன்னார். வயிறு எரிந்தது.

துணி போர்த்தி நேராக வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அரியலூர்ப் பக்கம் காய்ந்த ஏரியில் எங்களோடு அவரும் பறக்கவிடுவதாகப் பேச்சு. துணியை வாங்கிக்கொண்டு கேட்டார்: "எப்படிப் போடணும்னு ஒரு தடவ சொல்லிடுங்கண்ணே."

"இஸ்திரிக்காரனுக்கு நான் இஸ்திரி சொல்லித்தரணுமா? ஊரே சிரிக்கும். நீயே போடு."

கூட்டாளி சிரித்தார். பெருமைப்படுத்துகிறேன் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

மேலும் கீழும் துணியை ஒட்டி முடித்த பிறகுதான் சூட்டைக் கூட்ட வேண்டும். அதுவும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். சட்டைக்குப் பழகிய கை அப்படிச் செய்யாது. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் திருப்பும். அதற்குள் சுருங்கிய பக்கம் கூட்டையே இழுத்து முறுக்கிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

விரலால் தண்ணீர் தெளித்துப் பெட்டியின் சத்தம் கேட்டார். காலரில் ஓட்டுவதுபோல விளிம்பில் பெட்டியை ஓட்டினார். பிறகு மேல்பக்கத்தை அழுத்தித் தேய்த்தார்.

"மாப்ள சட்ட மாதிரி ஆயிடுச்சு பாருங்கண்ணே," என்று என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் சூடு வையி," என்றேன்.

வைத்தார். இறக்கையின் நுனி எண்ணெயில் போட்ட அப்பளம்போல மெல்ல எழும்பியது. உள்ளங்கையால் அமுக்கினார். கையை எடுத்ததும் மறுபடி எழும்பி, ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கூட்டாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் நிறுத்தவில்லை. "உனக்குச் சட்டையே போதும், விடு," என்றேன்.

எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடித்து மறுபடி சூடு காட்டினால் அது நிமிர்ந்துவிடும். ஐந்து நிமிட வேலை; நானே மூன்று முறை செய்திருக்கிறேன். அதையும் சொல்லவில்லை. அவர் இறக்கையைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை சட்டை வாங்கப் போனேன். அந்த இறக்கையின் சட்டங்களை ஒடித்துப் போட்டுத்தான் பெட்டியில் கரியைப் பற்றவைத்திருந்தார்.

"எல்லாத்தையும் ஒடிச்சப்புறம் எம் பொண்ணு செல்லுல காட்டுறா," என்றார். "திருப்பி முறுக்கிச் சூடு வெச்சா நிமிந்துடுமாமே. உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாதே."

பெட்டியின் சாம்பலை ஊதினார். "அதானே. தெரிஞ்சா சொல்லியிருப்பீங்க," என்று சொல்லிவிட்டு, அந்த நெருப்பிலேயே என் சட்டையை இரண்டு பக்கமும் தேய்த்து மடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அரியலூருக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன். ஒரு சுருக்கம் இல்லை.