பிராணாவின் இடது கண்

எங்கள் அப்பா மேடைப் பேச்சைக் கேட்டுக் கேட்டே பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர். நான் தமிழ்ச்செல்வன், தங்கை முத்தமிழ். எங்கள் வீட்டில் யாரும் ராகுகாலம் பார்த்ததில்லை, கிரகணத்தன்று அடுப்பை அணைத்ததுமில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து அவளைச் சுரக்குடியில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை மணிபாரதி தங்கமான மனுஷன். அவர் அம்மா காசியம்மாவோ சனிக்கிழமை திருநள்ளாறு போய்விட்டு வராமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் முத்தமிழ் ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் காலம் தள்ளினாள். கோவில்பத்தில் தனிக்குடித்தனம் வந்ததும் தையல் மெஷின் வாங்கிப் போட்டாள். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள். யார் இளைத்தார், யார் பெருத்தார் என்று அளவு எடுக்கிறவளுக்குத் தெரியாதா? ஆனால் ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தியிடம் மூச்சுவிட மாட்டாள்.

கல்யாணமாகி நாலு வருஷத்தில் இரண்டு தடவை கரு கலைந்தது. மூன்றாவது தங்கியது. ஐந்தாம் மாதம் நடக்கும்போது அந்தச் சூரிய கிரகணம் வந்தது, 2019 டிசம்பரில், காலை நேரத்தில்.

நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிற வாத்தியார். பள்ளியில் அறிவியல் மன்றம் வேறு நடத்திக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டுமா? கிரகணக் கண்ணாடியோடு நேரே அவள் வீட்டுக்குப் போய் நின்றேன். மாமியார் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம்ணே. அத்தைக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்."

"அட, நீ அப்பா பொண்ணுதானா? எந்திரி!"

கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியை வைத்து ஒரு நிமிஷம் பார்த்திருப்பாள். "அய்ய, கடிச்ச பிஸ்கட்டு மாதிரில்ல இருக்கு!" என்று சிரித்தாள். ஏதோ ஊரையே திருத்திவிட்ட மாதிரி நான் கீழே இறங்கினேன்.

மே மாதம், ஊரடங்கு நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பிளவு, உள்ளே உளுந்து அளவுக்கு ஏதோ இருந்தது. கன்னத்திலிருந்து கழுத்து வரை சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். காசியம்மா பேத்தியைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"கெரகணத்தன்னிக்கு வெளிய போனியா?"

முத்தமிழ் படுத்தபடியே ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போனேன் அத்தை. நானாதான் போனேன்."

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது இரண்டு. கூட்டிக்கொண்டு போனவன் நான் என்பது ஒன்று. கண் உருவாவது முதல் இரண்டு மாதத்துக்குள், ஐந்தாம் மாதத்துக் கிரகணத்தால் ஒரு இமை மயிரைக்கூட அசைக்க முடியாது என்பது இன்னொன்று. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாள் முழுக்கத் தொண்டை கிழியப் பேசுகிறவன் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கோழை, வேறென்ன?

குழந்தைக்குத் திருநள்ளாற்று அம்மன் பெயரை வைத்தார்கள், பிராணேஸ்வரி. எங்களுக்குப் பிராணா. கன்னத்துக் கோடுகள் மெல்ல மங்கின. அந்தப் பிளவுக்குள் நிஜக் கண் மாதிரியே வரைந்த செயற்கை ஓடு வைத்தார்கள். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டே தெருப் பிள்ளைகளை விரட்டி விரட்டிப் பிடிப்பாள், வாலு. ஆனால் காதுகுத்து, வளைகாப்பு, பொங்கல் என்று எதற்குக் கூடினாலும் காசியம்மா ஆரம்பித்துவிடுவார். "ஒருத்தி அடங்காம மாடி ஏறுனதுக்கு இந்தப் பச்சப்புள்ள அனுபவிக்குது." முத்தமிழ் தலையைக் குனிந்துகொள்வாள். நானும் அங்கேதான் இருப்பேன், வாயில் எதையாவது மென்றுகொண்டு. ஐந்து வருஷம் இப்படியே ஓடியது. கிரகணத்துக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று வகுப்பில் சொல்லும்போது எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். படித்தது தலையில் இருந்தது, பயம் வயிற்றில் இருந்தது.

இரண்டாவது குழந்தைக்கு யோசித்தபோது, முதலில் மரபணுச் சோதனை செய்துவிடுங்கள் என்று புதுச்சேரி டாக்டர் சொன்னார். தாய், தகப்பன், பிள்ளை மூவரின் ரத்தமும் போனது. அறிக்கை இங்கிலீஷில் வரும் என்பதால் என் மெயிலைக் கொடுத்திருந்தார்கள். போன ஆகஸ்டில், மதிய இடைவேளையில், பள்ளி ஆய்வகத்தில் உட்கார்ந்து படித்தேன்.

கோளாறு ஒரு நொதியில். மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி என்கிற புரதத்தின் மேல் ஹீமைப் பொருத்துகிற நொதி அது. அதன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மாற்றம் தாயிடமிருந்து வந்தது என்று கீழே எழுதியிருந்தது.

அதைப் படித்ததும் என் மனதில் முதலில் வந்த வார்த்தை, 'தப்பிச்சேன்டா சாமி.' சாமி இல்லாத வீட்டில் வளர்ந்தவனுக்கு வந்த சாமி அது. என் தங்கையின் தலையில் விழுந்ததைப் பார்த்து நான் மூச்சுவிட்டிருக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது.

அன்று சாயங்காலமே கோவில்பத்துக்குப் போனேன். அவள் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அதிலேயே தொடங்கினேன்.

"ஹூக்கு வைக்கறப்ப துணி முழுக்கவா பாப்பே?"

"எதுக்கு? பட்டி மடிப்பு எங்க இருக்குன்னு பாத்தாப் போதும்."

"அதே கதைதான். நம்ம உடம்புல ஒரு நொதி இருக்கு. அது மொதல்ல ஹீமை எடுத்துக் கையில வச்சுக்கும். ஹீம்னா ரத்தத்தைச் சிவப்பாக்குற அதே இரும்புச் சமாச்சாரம். அப்பறம் புரதம் வரும். அது முழுசையும் நொதி பாக்காது. ஆரம்பத்துல சுருள் சுருளா ஒரு துண்டு இருக்கும், அதைத் தொட்டுப் பாக்கும். கொஞ்சம் தள்ளி இரும்பைப் பிடிச்சுக்க ஒரு எடமும், தையல் போட ரெண்டு எடமும் இருக்கான்னு பாக்கும். இருந்தா ரெண்டு தையல். அதுக்கப்பறம் புரதம் தானா மடிஞ்சு வேலைக்குக் கெளம்பிடும். நாம விடுற மூச்செல்லாம் அந்த வேலையிலதான் ஓடுது."

"பிராணாவுக்கு?"

"தைக்கிற ஆள் சரியில்ல. ஹீம் ஒட்டாத புரதம் ஒண்ணுக்கும் உதவாது. கண்ணு உருவாகுற நேரத்துல அந்த எடத்துச் செல்லெல்லாம் செத்துப்போச்சு."

"அது எங்கேருந்து வந்துச்சு?"

சொன்னேன். பெண்களுக்கு அந்த மரபணு இரண்டு இருக்கும், ஒவ்வொரு செல்லும் ஒன்றை மூடி வைத்துவிட்டு மற்றதை வைத்துப் பிழைக்கும். முத்தமிழுக்கு எல்லா இடத்திலும் நல்லதே திறந்திருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிராணாவுக்கு அங்கங்கே கெட்டது திறந்துகொண்டது. ஆண் குழந்தைக்கு இருப்பதே ஒன்று. அது கெட்டதாக இருந்தால் கரு தங்காது.

"அப்ப கலைஞ்சது ரெண்டும்..."

"ஆம்பளப் புள்ளைங்களா இருந்திருக்கலாம்."

ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகு, "நானாதான்னு அன்னிக்குப் பொய் சொன்னேன். அதுவே நெசமாயிருச்சு பாருண்ணே," என்றாள். நீ செய்த எதுவும் காரணமில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். மணிபாரதி வந்ததும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவ ஒருத்தி போதும்," என்று பிராணாவைத் தூக்கிக்கொண்டார். ஆனால் பேரன் பேரன் என்று காத்திருக்கிற காசியம்மாவிடம் யார் சொல்வது?

"நீ போய்ச் சொல்லுண்ணே," என்றாள் முத்தமிழ். "எதையும் மறைக்காத. எங்கிட்டேருந்து வந்ததுன்னே சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை சுரக்குடிக்குப் போனேன். காசியம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். வாங்க தம்பி என்று நாற்காலி போட்டார். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முழுசும் சொன்னேன். முத்தமிழிடமிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். காசியம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"உடம்போட பொறந்ததுக்கு அவ என்னா பண்ணுவா, பாவம்," என்றார். "அப்ப மாடிக்குப் போனதால இல்ல?"

"இல்லீங்க அத்தை."

"அதால இல்லன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்."

"அஞ்சு வருஷமா அவள நாக்கு கூசாமப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். என் வாயால சேத்த பாவத்த நான் அவகிட்டயே போயித் தீத்துக்குறேன். ஆனா நீங்க பக்கத்துல உக்காந்து காபி குடிச்சீங்களே தம்பி."

ஐந்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "அவ தானாப் போவல அத்தை. நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

"தெரியும்," என்றார் காசியம்மா. "எம்பேச்ச மீறித் தானா மாடி ஏறுற பொண்ணா அவ? நீங்க வாயத் தொறப்பீங்கன்னு நானும் இத்தினி வருஷமாப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

நான் எழுந்து நின்றேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒங்க மேல தப்பு இல்லன்னு இந்தப் பேப்பர் வராம இருந்திருந்தா, இன்னிக்கு இத எங்கிட்டச் சொல்லியிருப்பீங்களா?"

"இல்லீங்க அத்தை," என்றேன்.