கிளியனூர் ரோட்டில் இரண்டு விசில்

திண்டிவனம் டிப்போவில் நான் கண்டக்டராக இருந்தபோது, கிளியனூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்துக்கான காலை டிரிப்பை வசூல் இல்லையென்று நிறுத்தினார்கள். அந்த வருஷம்தான் அந்தக் கிராமத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் பரீட்சை வைத்து ஆறாம் வகுப்புக்கு ஆள் எடுத்திருந்தார்கள். தேறாத பிள்ளைகள் திண்டிவனத்துக்குத்தான் வர வேண்டும். அவர்களுக்கு இருந்த ஒரே பஸ் அது.

டிரிப்பைத் திரும்ப விட வேண்டும், பரீட்சையை எடுக்க வேண்டும் என்று எங்கள் சங்கமும் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினோம். அந்தக் கிராமத்துக்கு நானும் ஒரு டீச்சரும் பைக்கில் போனோம். மார்கழிக் காலை. பனியில் பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை.

நிறுத்தத்தில் யூனிபார்ம் போட்ட ஆறு பெண்பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள்.

"பஸ்ஸத்தான் நிறுத்திட்டாங்களேம்மா, எதுக்கு நிக்கிறீங்க?" என்றேன்.

"வருதே சார்," என்றாள் ஒருத்தி. "நிக்காம பூடுது."

"வேற ஏதாவது வண்டியா இருக்கும்மா," என்றார் டீச்சர்.

"நம்ம பஸ்ஸுதான் மிஸ். அது போனப்புறம் மெயின் ரோட்டுக்கு நடந்துக்கினு போவோம்."

அப்போது சத்தம் கேட்டது. பின்படிக்கட்டுத் தகடு ஆணி கழன்று அடித்துக்கொள்ளும் சத்தம். வருஷக்கணக்காக அதன் மேல் நின்று வந்தவன் நான், எனக்குத் தெரியாதா? பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். சத்தம் எங்கள் முன்னால் கடந்து போனது. பனி அசையவே இல்லை. தூரத்தில் இரண்டு விசில் கேட்டது.

இரண்டு விசில் என்றால் 'போகலாம்'. என் விசில் என் சட்டைப்பையில் இருந்தது. டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அண்ணா, உங்களுக்கும் கேட்டுச்சா?"

மறைக்க முடியவில்லை. டிரிப் ஓடிய கடைசி நாளன்று அந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டாம் என்று டிப்போவில் சொல்லியனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் கையைக் காட்டிக்கொண்டு பஸ் பின்னால் ஓடிவந்தார்கள். நான்தான் இரண்டு விசில் கொடுத்தேன். இதைச் சொன்னதும் டீச்சர் கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக்கு நடந்தார்.

விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் முன்னால் இரண்டு சங்கமும் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் டிரிப்பைத் திரும்ப விடச் சம்மதித்தார்கள். பரீட்சை பற்றி "பரிசீலிக்கிறோம்" என்பதோடு சரி, இன்றுவரை பரிசீலிக்கிறார்கள்.

திரும்ப ஓடிய முதல் நாள் நானே டூட்டி கேட்டு வாங்கிப் போனேன். பஸ் நின்றதும் பிள்ளைகள் ஏறவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து தகரத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். ஐந்து பேர். ஆறாவது பெண் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏறும்மா, டைம் ஆவுது."

"நீங்க போங்க சார். நான் பின்னாடி வர்ற பஸ்ல வர்றேன்."

அந்த ரூட்டில் பின்னால் எந்தப் பஸ்ஸும் கிடையாது. சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைத் தாண்டி, நாங்கள் வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

டீச்சர் இரண்டு மாதம் அவள் வீட்டுக்கு நடந்து, மறுபடி பள்ளிக்கு வரவைத்தார். இப்போது பத்தாவது படிக்கிறாளாம். அண்ணனின் சைக்கிளில்தான் வருவாள்; எங்கள் பஸ்ஸில் ஒருநாளும் ஏறியதில்லை.