பெட்டியில் இருபது சாப்பாடு

வீரணன் கல்லைத் தட்டிப் பார்த்தே உள்ளே விரிசல் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். மேலூர்ப் பக்கம் குவாரிகள் ஓடிய காலத்தில் அந்தக் காதுக்கு அம்புட்டு மதிப்பு. ஆனால் வாய் சுத்த மோசம். நாள் முழுக்கக் கல்லோடு கிடந்த மனுஷன் வீட்டுக்கு வந்து என்னத்தைப் பேசுவார்? குவாரிகளைப் பூட்டிய பிறகு பாஸ்போர்ட் எடுத்துச் சார்ஜாவுக்குப் போனார். பன்னிரண்டு வருஷமாக அங்கே கல் அறுக்கிற மெஷின் முன்னால் நிற்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. பன்னிரண்டு வருஷத்தில் பெண்டாட்டி பாண்டிச்செல்வியோடு அவர் இருந்தது மொத்தம் எட்டு மாதம்.

அவருக்கு இனிமேல் போகப் பிடிக்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னால் விஷயம் அவ்வளவுதான். வயிற்றில் புண். மெஸ் சாப்பாடு உள்ளே போனால் நெஞ்சு வரைக்கும் எரிகிறது, ரூமில் அடுப்பு வைக்கவும் கம்பெனி விடாது. உடம்பைச் சாக்குச் சொல்லி நின்றுவிடலாம்தான். ஆனால் அந்தக் கம்பெனிக்காரன் லேசுப்பட்டவன் இல்லை. ஒரு ஆள் லீவில் போனால், கூட வேலை பார்க்கிற இன்னொரு ஆள் தன் பாஸ்போர்ட்டை ஆபீஸில் கொடுத்து வைக்க வேண்டும். போனவன் திரும்பினால்தான் அது கைக்கு வரும். இந்தத் தடவை வீரணனுக்காகக் கொடுத்து வைத்தது அழகுராஜா, பாண்டிச்செல்வியின் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கு ஆவணியில் கல்யாணம். மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. வீரணன் போய் இறங்கினால்தான் கல்யாண மாப்பிள்ளை கிளம்ப முடியும்.

ஒரு நாள் காலையில் கஞ்சி குடிக்கும்போது வீரணன் வாயைத் திறந்தார். "நான் இனிமே போகலேன்னா என்ன?"

பாண்டிச்செல்வி சட்டியைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள். "தம்பி பாஸ்போர்ட்டு?"

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவளுக்கு மட்டும் மனசு இல்லையா? அடுப்பில்லாத ரூமில் புருஷன் என்ன சாப்பிடுவான் என்று போனைத் தடவித் தடவி ஒரு வழி கண்டுபிடித்தாள். டப்பாச் சாப்பாடு. மேல்தட்டில் சாம்பார் சாதம், அடியில் வெள்ளைப் பொட்டலம். பொட்டலத்தில் தண்ணீர் ஊற்றி மூடினால் பத்து நிமிஷத்தில் சோறு ஆவி பறக்கும். அடுப்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். இருபது டப்பா வரவழைத்து, "வயிறு எரியுற அன்னைக்கு மட்டும் பிரிங்க, இருபது நாளாச்சும் தாங்கும்" என்று அவர் முன்னால் அடுக்கினாள்.

வீரணன் ஒரு பொட்டலத்தை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். சுட்ட சுண்ணாம்புக்கல். வெள்ளையடிக்க டிரம்மில் இதைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் எப்படிக் கொதிக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விமானத்தில் இதை ஏற்ற விடுவார்களா? விடமாட்டார்கள் என்று அவருக்கு அந்த நிமிஷமே தோன்றிவிட்டது. கூடவே இன்னொன்றும் தோன்றியது. இதைக் கொண்டுபோகிற ஆளையும் விடமாட்டார்கள். அவராக நின்றால் அது துரோகம். ஏர்போர்ட்டில் மறித்தால் மச்சினனுக்கு அவர் என்ன செய்ய முடியும்?

அவர் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாக்களைத் துணிக்கு அடியில் ஒளிக்கவும் இல்லை. திறந்தவுடன் கண்ணில் படுகிற மாதிரி மேலாக அடுக்கிப் பெட்டியைப் பூட்டினார். நாற்பது நாளில் அன்றுதான் வயிறு எரியாமல் சாப்பிட்டார்.

நினைத்தபடியே ஏர்போர்ட்டில் ஸ்கேன் மெஷினில் பெட்டி நின்றது. வடக்கத்திக் காவலர் ஒருவர் வந்து டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் தமிழ்ப்பிள்ளை, இரக்கப்பட்டு நடுவில் வந்தாள்.

"வெறும் சாப்பாடுதானேண்ணே?"

"இல்லம்மா. அடியில சுண்ணாம்புக்கல் இருக்கு. தண்ணி பட்டா கொதிக்கும், பொகையும். அவருகிட்ட அப்படியே சொல்லு."

"நான் சாப்பாடுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க பேசாம இருங்கண்ணே."

"கையி வெந்துரும்னும் சொல்லு."

பன்னிரண்டு வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. அந்தப் பெண் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சொன்னதையெல்லாம் இந்தியில் சொன்னாள். வீரணன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் போ என்று ஒரு வார்த்தை வர வேண்டும், அது போதும்.

காவலர் திட்டக்கூட இல்லை. இருபது டப்பாவையும் ஒரு பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க போகலாமாம்ணே. இது மட்டும்தான் ஆகாது," என்றாள் அந்தப் பெண். "வெளியில உங்க வீட்டாளுக இருந்தா குடுத்துட்டு வந்துருங்க. கவுண்டர் மூட இருபது நிமிஷம் இருக்கு. வாசல்ல நான் சொல்லிவிடுறேன்."

"இதுக்கு ஆளை நிறுத்த மாட்டாங்களாம்மா?"

"உங்களை எதுக்குண்ணே நிறுத்தணும்?" என்றாள் அவள், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

வெளியே பாண்டிச்செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று. அவரை பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு டப்பாவைப் பிரித்து, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து மூடினாள். "ஒண்ணாவது சாப்புட்டுப் போங்க." டப்பா உறுமியது, ஓரத்தில் ஆவி வந்தது. பத்து நிமிஷம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

வீரணன் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு வாய் அள்ளுவார், ஊதுவார், வாசலைப் பார்ப்பார், பிறகு மெல்லுவார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே இருந்து அந்தக் கவுண்டர் பெண் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவர் காணாதவர் மாதிரி குனிந்துகொண்டார்.

"நேரமாச்சுல்ல?" என்றாள் பாண்டிச்செல்வி.

"சூடா இருக்கு. மெதுவாத்தான் திங்கணும்."

அவள் டப்பாவில் விரலை விட்டுப் பார்த்தாள். சோறு எப்போதோ ஆறியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். டப்பாக்களை ஏன் மேலாக அடுக்கினார் என்பதும் அவளுக்கு அப்போது விளங்கிவிட்டது.

"ஆமா," என்றாள். "கொதிக்கத்தான் செய்யுது. மெதுவாவே சாப்பிடுங்க."

அவள் மடியில் போன் அடித்தது. அழகுராஜா. பாண்டிச்செல்வி போனைக் கவிழ்த்துப் போட்டாள். அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. வீரணன் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு டப்பாவைக் கீழே வைத்து, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு, போனை அவரே எடுத்தார்.

"மச்சான், உள்ள போயிட்டீங்களா? அக்கா போன எடுக்கலையே."

"இந்தா, போய்க்கிட்டே இருக்கேன் மாப்ள."

"அக்கா சொல்லுச்சு, என்னமோ சாப்பாட்டு டப்பாவாம்ல. எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டீங்களா?"

வீரணன் பெஞ்சைப் பார்த்தார். பாண்டிச்செல்வி பத்தொன்பது டப்பாவையும் மடியில் இறுக்கிக்கொண்டு, அவர் மிச்சம் வைத்த ஆறிய சோற்றை ஒவ்வொரு வாயாக ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாம் பெட்டிக்குள்ளதான் இருக்கு மாப்ள," என்றார். "நீ டிக்கெட்டப் போடு."