மொட்டை மூக்குத் தோட்டா

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், வடக்கே மகர்பட்டாவில் ஒரு சின்ன அலுவலகத்தில், வெளிநாட்டு வீடியோ கேம்களுக்குத் தேவையான பொருட்களைக் கணினியில் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்த வேலை. வேட்டை விளையாட்டு ஒன்றுக்கான லீவர் துப்பாக்கி வந்தபோது, இது தேறினால் வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். நம்பினேன். நம்பாமல், வாடகை எகிறும் ஔந்தில் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

அந்தத் துப்பாக்கியில் விசைக்கு அடியில் உள்ள வளையத்தைக் கீழே தள்ளி இழுத்தால் காலித் தோட்டா வெளியே தெறிக்கும், அடுத்தது உள்ளே ஏறும். குழலுக்கு அடியில் இன்னொரு குழாய். அதில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும், ஒன்றின் மூக்கு முன்னதன் பின்புறத்தில் முட்டிக்கொண்டு. வெடிக்கிற பொட்டு இருப்பதே அந்தப் பின்புறத்தில்தான். மூக்கு கூராக இருந்தால், சுடும்போது வரும் உதையில் பொட்டைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். வேட்டைக்காரர்கள் இணையத்தில் எழுதியதையெல்லாம் படித்து, மொட்டை மூக்காகவே செய்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

மேனேஜர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "அரே, கோலி ஐசீ ஹோதீ ஹை க்யா?" தோட்டா இப்படியா இருக்கும் என்று. காரணம் சொன்னேன். விளையாட்டில் எதுவும் வெடிக்காது, பார்க்க அழகாக இருந்தால் போதும் என்றார். கூராக்கிக் கொடுத்தேன்.

ஒரே வாரத்தில் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார், அந்த மூக்கைச் சிவப்பில் வட்டமிட்டு. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் மேனேஜர் என்னைக் கைகாட்டி, துப்பாக்கியைக் கண்ணால் பார்க்காதவனிடம் கொடுத்தது தன் தப்பு என்றார். இவர் மட்டும் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்! பழைய மொட்டை மூக்கையே மறுபடி அனுப்பினார்கள். மாதக் கடைசியில் என்னையும் அனுப்பினார்கள்.

விளையாட்டு வெளிவந்ததும் சிடி வாங்கிப் போட்டேன். உழைத்தவர்களின் பெயர்கள் ஓடின. மேனேஜர் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இது நான் செய்தது என்று அவரிடமாவது சொல்லிக்கொள்ளலாம் என ஆட்டத்தைத் தொடங்கினேன். திரையில் ஒரு கட்டைவிரல் என் தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் துப்பாக்கிக்குள் திணித்தது.

"என்னங்க மாப்ள, குண்டு மூக்கு மொட்டையா இருக்குது? எவனோ சோம்பேறிப் பய கூராக்காம வுட்டுட்டானாட்ட இருக்குது."

"ஆமாங்க மச்சான்," என்றேன். "சோம்பேறிதான்."