மேளத்துக்கு மூன்று மணி வரை அனுமதி

அம்மனுக்கே மணிக்கூடு கட்டிவிட்ட பாவி நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்... பிறகு நீங்கள் கடிதம் எழுதித் திட்டவேண்டாம்.

போன கிழமை வாவிக்கு மேற்கே படுவான்கரையில், நான் பெண் எடுத்த ஊரில், கண்ணகை அம்மன் சடங்கு. கோயில் வாசலில் பந்தல், தோரணம், கமுகம்பாளை, எல்லாம் ஆயத்தம். ஒன்றுதான் பாக்கி. மேளம் அடிக்கப் பெர்மிட்!

இப்போதெல்லாம் நினைத்தபடி மேளத்தைத் தட்டிவிட முடியுமா? கிராம அதிகாரியான விதானையாரிடம் கடிதம் வாங்கவேண்டும். தோணியேறி வாவியைக் கடந்து பட்டணத்துப் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். என்னென்ன வாத்தியம், எந்த இடம், எத்தனை மணி தொடக்கம் எத்தனை மணி வரை என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். எழுதாத வாத்தியம் ஒலிக்கக்கூடாது. எழுதிய நேரம் தாண்டக்கூடாது. நான் இதைக் குறை சொல்லவில்லை. நோயாளி இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் விடியவிடிய மேளம் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

சரி, இங்கிலீஷில் யார் எழுதுவது? பட்டணத்துக் கந்தோரில் கிளாக்கு வேலை பார்க்கும் மருமகன் நான் ஒருவன் ஊருக்கு இருக்கிறேனே!

சடங்கை நடத்தும் கட்டாடியாரிடம் போனேன்.

"சடங்கு எத்தின மணிக்கு முடியும்?"

"அம்மாள் மலையேறினாப் பிறகு முடியும்."

ஆடுகிறவரின் உடம்பை விட்டுத் தெய்வம் போவதை எங்கள் பக்கத்தில் மலையேறுவது என்பார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் கடதாசியில் எழுத மணி வேண்டுமே?

"ஓம், அது எத்தின மணிக்கு?"

கட்டாடியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, அத அம்மாளிட்டத்தான் கேக்கணும்."

அம்மாளிடம் கேட்க எனக்கு வழி தெரியவில்லை. கையில் புது மணிக்கூடு வேறு. அதைப் பார்த்து நானே ஒரு கணக்குப் போட்டேன். பகல் பன்னிரண்டு தொடக்கம் மூன்று வரை. வாத்தியம்: பறைமேளம், உடுக்கு, சங்கு, சிலம்பு. முத்து முத்தாக எழுதிக் கொடுத்துவிட்டு, பெரிய காரியம் முடித்தவன்போலத் தோணியேறினேன்.

இந்த வருடம் தெய்வம் ஆட இருந்தவன் என் மச்சான் கணபதி, என் மனைவி பொன்னம்மாவின் ஒரே தம்பி. முதல் தடவை ஆடப்போகிறான். நிலத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற கூச்சக்காரன். மேளத்தை வாசிப்பவர் மூத்ததம்பி என்ற பெரியவர். மேளம்தான் தெய்வத்தை அழைக்கும். மேளம்தான் அனுப்பியும் வைக்கும். அடியை மெல்ல மெல்லத் தணித்து, ஆடுகிறவனைக் கைபிடித்து இறக்குவதுபோல இறக்கவேண்டும். நடுவில் அறுத்துவிட்டால்? முன்பொரு முறை அப்படி மேளம் நின்றுபோக, ஆடியவர் மாதக்கணக்கில் வாய் பேசாமல் கிடந்தாராம். பட்டணத்தில் இருக்கும்போது நான் இதையெல்லாம் நம்புவதில்லை.

சடங்கன்று பன்னிரண்டு மணிக்கு மேளம் முழங்கியது. அம்மன் வரவில்லை. ஒரு மணிக்கும் வரவில்லை. இரண்டாயிற்று... நான் என் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரைக்கு வந்தாள்!

எப்படிச் சொல்வேன்? அந்தக் கூச்சக்காரன் நிமிர்ந்தான். இரண்டு கையிலும் வேப்பிலை. அவன் கால் வைத்த இடத்தில் புழுதி கிளம்பியது. சனம் தானாக விலகி வழி விட்டது. என் மச்சானைப் பார்த்து நானே கையெடுத்துக் கும்பிட்டேன். நேற்று என்னிடம் சுருட்டுக் கேட்டவன் அவன்.

மூன்று மணியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது, காவலுக்கு வந்திருந்த கான்ஸ்டபிள் கடதாசியோடு முன்னால் வந்தார்.

"ஐயா, ஒரு கால் மணித்தியாலம் பொறுங்க" என்றேன்.

"இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம்..."

"மூண்டு மணியெண்டு நீங்கதானே எழுதியிரிக்கீங்க? நான் விட்டா இன்ஸ்பெக்டர் என்னை விடமாட்டார்."

அவரிலும் பிழையில்லை. நேரம் தாண்டி அடித்ததாக மூத்ததம்பி மேல் ஏற்கெனவே ஒரு வழக்கு. இன்னொருமுறை என்றால் ஆயுள் முழுக்க மேளத்தைத் தொட முடியாது என்று எச்சரித்திருந்தார்கள். மூத்ததம்பி என்னைப் பார்த்தார். கணபதியைப் பார்த்தார். மணி மூன்றானதும் கான்ஸ்டபிள் கையை உயர்த்தினார். மேளம் நின்றது.

கணபதியின் கால் மட்டும் நிற்கவில்லை. ஆனால் அடி தப்பிவிட்டது. கண் செருகிப்போயிற்று. கட்டாடியார் மஞ்சள் தண்ணியை அள்ளி அள்ளி முகத்தில் தெளித்தார், அவன் அறியவில்லை. பல் கிட்டி, கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. நான் எழுதிய ஒரு வரியால் ஒரு மனிதனின் பேச்சே போகப்போகிறது! நம்பாதவன் அப்போது நம்பினேன்.

அந்த நேரத்தில் ஒரு குரவை எழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். பொன்னம்மா! எங்கள் பெண்கள் கோயிலில் குரவை போடுவது புதினமில்லை. வாய்க்குள் நாக்கைச் சுழற்றி, மூச்சு முட்டும்வரை நீட்டிப் போடுவார்கள். ஆனால் இவள் நீட்டவில்லை. மேளம் விட்ட இடத்திலிருந்து, மேளத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாகப் போட்டாள். பக்கத்தில் நின்றவள் சேர்ந்தாள். பிறகு இன்னும் நாலு பேர்... பிறகு வாசலில் நின்ற அத்தனை பெண்களும்!

யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? யாரும் கை காட்டவில்லை, தலையாட்டவில்லை. வருடம் வருடமாகக் காதில் விழுந்த மேளம் ஒவ்வொருத்தியின் வாயிலிருந்தும் வந்தது. கணபதியின் கால் அடியைப் பிடித்துக்கொண்டது. பிறகு குரவை தணிந்தது. இன்னும் தணிந்தது. மூத்ததம்பி மேளத்தைத் தொடாமல், கண்ணை மூடிக்கொண்டு, தலையை மட்டும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எனக்கும்தான்.

கணபதி முழங்காலில் அமர்ந்தான். வேப்பிலை கையிலிருந்து விழுந்தது.

"அக்கா... தண்ணி."

பேசிவிட்டான்! பொன்னம்மா ஓடிப்போய் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் கடதாசியை மேலிருந்து கீழாகப் படித்தார். புரட்டிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இந்தச் சத்தம் இதில இல்லியே?" என்றார் என்னிடம், மெல்ல.

நான் வாயைத் திறக்குமுன் பொன்னம்மா நிமிர்ந்தாள். குரல் கட்டிப்போய்க் காற்றாகத்தான் வந்தது. "என்ட தம்பிய நான் கூப்பிடுறத்துக்கு ஆரிட்ட ஐயா கேக்கணும்?"

கான்ஸ்டபிள் கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கட்டாடியாரிடம் போய்த் திருநீறுக்குக் கை நீட்டினார்.

யோசித்துப் பார்க்கிறேன். சட்டம் எழுதுகிறவர் தமக்குத் தெரிந்த சத்தங்களைத்தானே எழுதுவார்? இந்தப் பெண்களின் வாயில் ஒரு மேளம் முழுவதும் இருப்பது அவருக்கு எங்கே தெரியும்? பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருக்கிற எனக்கே தெரியவில்லையே.

மூன்று நாள் பொன்னம்மாவுக்குக் குரல் இல்லை. கைச்சாடைதான். நாலாம் நாள் காலையில் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். குரல் திரும்பியிருந்தது.

"இஞ்சாருங்க. வாற வருசம் பெர்மிட் எடுக்க நீங்க போகவேணாம். நான் போறன்."

போகட்டும். எனக்கு அந்த இன்ஸ்பெக்டரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது!